வைக்கோலுக்கு முன்னனுமதி

பனி யாரிடமும் விண்ணப்பம் போட்டுவிட்டு வருவதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் கனடா, இக்கரையில் அமெரிக்காவின் உருளைக்கிழங்கு வயல்கள், வயல்களுக்கு நடுவே செயின்ட் ஒலிவ் என்ற சின்ன ஊர். அங்கே அக்டோபர் பாதியில் வந்து உட்காரும் குளிர் ஏப்ரல் வரை எழுந்திருக்காது. அந்த ஊர் ஜனங்களைக் கதகதப்பாக வைப்பதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். 'இல்ல வெதுவெதுப்பு ஊக்கத்தொகை அலுவலகம்' என்று பெயர். மூன்று வருடத்தில் அதனால் கதகதப்படைந்தவர்கள் அதில் வேலை பார்த்த பதினோரு பேர்.

ஜெர்மேன் மிஷோ பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக சூப் கிண்டுகிறவள். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சோறு போட்டவளுக்கு வரிசையிலும் விதியிலும் நம்பிக்கை இருப்பது இயற்கை. அவள் கணவன் அர்மான் காகித ஆலையில் நாற்பது வருடம் உழைத்து, சம்பளத்தோடு நுரையீரல் நோயையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவன். ஆகஸ்டில் மருத்துவர் பட்டென்று சொல்லிவிட்டார். நிலவறையில் கிடக்கும் பழைய எண்ணெய் உலையின் புகையும் அவனுக்கு ஆகாது, குளிரும் ஆகாது. உறைபனி வருவதற்குள் கரண்டில் ஓடும் ஹீட் பம்ப் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் அடுத்த வசந்தத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

ஹீட் பம்ப் விலையில் பாதிக்கு மேல் அலுவலகம் மானியமாகத் தரும். அந்த மானியம் இல்லாமல் அதை வாங்க மிஷோ வீட்டில் வழியில்லை. ஜெர்மேன் தன் சித்தி மகன் ரெஜானைக் கூப்பிட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் ஹீட் பம்ப் மாட்டும் கான்ட்ராக்டர் அவன்தான். வந்தவன் தெருவிலேயே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"உள்ள வாடா, காபி ஆறுது."

"ஐயோ, வேணாம்மா. உன் வாசப்படியில நான் கால வெச்சாலே வேலை ஆரம்பிச்சாச்சுன்னு எழுதிடுவானுங்க. போன மாசம் ஒருத்தர் வீட்டுல மழைக்கு ஒதுங்கினேன், அவருக்கு மானியம் போச்சு. முதல்ல ஆபீஸ்ல போய்க் கேளு. அனுமதி வந்தப்புறம் என்னைக் கூப்பிடு. அதுவரைக்கும் நீ யாரோ, நான் யாரோ."

"உனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப உன்னைத் தூக்கிட்டு நின்னதே நான்தானேடா!"

"அதை விண்ணப்பத்துல எழுதித் தொலைச்சிடாதே" என்று சொல்லிவிட்டு ரெஜான் வண்டியைக் கிளப்பினான்.

ஜெர்மேன் அப்படியே செய்தாள். கான்ட்ராக்டரை அமர்த்துவதற்கு முன் மானியம் உண்டா என்று சரிபார்க்கப் போனாள். சரிபார்ப்பதற்கு முன் பதிவு செய்யவேண்டும் என்றார்கள். பதிவு செய்வதற்கு முன் அறிமுக வகுப்பில் உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் பக்கத்து வீட்டுக்காரன் லூசியன் இருந்தான். எட்டுப் பசு வைத்திருக்கிறவன், அவனும் மானியத்துக்காகத்தான் வந்திருந்தான். வகுப்பு எடுத்தவர் இயக்குநர் தர்ஸ்டன் பெல். மாநிலத் தலைநகரிலிருந்து வந்தவர்.

"நம்ம மொழியிலேயே ரொம்ப அழகான வார்த்தை எது, தெரியுமா?" என்று பெல் ஆரம்பித்தார். யாரோ "அம்மா" என்றார்கள். பெல் புன்னகைத்தார். "இல்லை. 'முன்'. மனுஷன் பண்ற தப்பெல்லாம் பின்னாடிதான் நடக்குது. எல்லாத்தையும் முன்னாடியே நிறுத்திட்டா தப்பே நடக்காது. நான் இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு. தகுதியில்லாத ஒருத்தருக்கு ஒரு டாலர் கூட நான் குடுத்ததில்லை."

லூசியன் கையைத் தூக்கினான். "தகுதி உள்ளவங்களுக்கு?"

"அந்தப் புள்ளிவிவரத்தை நாங்க சேகரிக்கிறதில்லை" என்றார் பெல்.

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் வருகைப் பதிவில் சேரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பரில் ஜெர்மேனின் விண்ணப்பம் திரும்பி வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அதன்பிறகு தேதி எழுதியிருக்கிறாளாம். ஆகவே கையெழுத்துப் போட்ட சமயத்தில் அது எந்தத் தேதி என்பது விண்ணப்பதாரருக்கே தெரிந்திருக்கவில்லை என்று குறிப்பு. அவள் தேதியை முதலில் எழுதி மறுபடி அனுப்பினாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியைப் பார்ப்பதற்கே மூன்று படிவம். கடைசியில் அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி ஆய்வாளர் வருவார் என்று கடிதம் வந்தது. ஜெர்மேன் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள்.

அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்குப் பாவாடை கட்டும் நாள். அடிச்சுவரோடு ஒட்டி வீட்டைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிடுவார்கள். தரைக்கடியில் காற்று நுழையாது, தண்ணீர்க் குழாய் உறையாது. பனி போனதும் அதே வைக்கோல் மாட்டுக்குப் படுக்கை. பல் துலக்குவதைப் போல யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. ஜெர்மேன் பள்ளிக்கூட விருந்துக்குச் சமைக்கப் போயிருந்த அந்தச் சனிக்கிழமை, லூசியன் வருடா வருடம் போலத் தன் வண்டியில் நாற்பது கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினான். அர்மான் இருமிக்கொண்டே கூட நின்று அடுக்கினான்.

இருபத்திரண்டாம் தேதி ஆய்வாளர் வின்ஸ்லோ வந்தார். நெட்டையான மனிதர். அவருக்குச் சிரிப்பும் வராது, கோபமும் வராது. வாசல் கதவைத் திறந்து அதில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டினார். துணியில் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி ஓட விட்டார். வீடு எத்தனை ஓட்டை வழியாக மூச்சு விடுகிறது என்று அளக்கிற கருவி அது.

"ஆஸ்பத்திரியில என் மூச்சை அளந்த மிஷின் இதைவிடச் சின்னது" என்றான் அர்மான்.

வின்ஸ்லோ அதையும் எழுதிக்கொண்டார். பிறகு வெளியே போய் வீட்டை ஒரு சுற்று சுற்றினார். திரும்பி வந்தபோது பேனா மூடியைக் கழற்றியிருந்தார்.

"சுவரை ஒட்டி இருக்கிறது என்ன?"

"வைக்கோல்" என்றாள் ஜெர்மேன்.

"யார் போட்டது?"

"பக்கத்து வீட்டு லூசியன்."

"பதிவு பெற்ற வெப்பக் காப்பு கான்ட்ராக்டரா?"

"மாடு வெச்சிருக்கான்."

"கூட எத்தனை பேர் வேலை செஞ்சாங்க?"

"ரெண்டு பேர் சார்" என்றான் அர்மான். "நான் ஒருத்தன், என் இருமல் ஒண்ணு."

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. அனுமதிக்கு முன்பாகவே, பதிவு பெறாத கான்ட்ராக்டரைக் கொண்டு, அங்கீகரிக்கப்படாத பொருளால் காப்பு வேலை தொடங்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் தள்ளுபடி. மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமானால் வைக்கோலை அகற்றி, வீட்டை அறுபது நாள் 'இயல்பு நிலையில்' வைக்கவேண்டும். இயல்பு நிலை என்றால் பாரன்ஹீட் ஐம்பத்தைந்து. ஸ்வெட்டருக்குள்ளும் பல் தந்தியடிக்கும். அதைக் கண்காணிக்க நடுக்கூடத்தில் முத்திரை வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று மாட்டப்படும். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் இந்த ஆயுளில் மானியம் கிடையாது.

லூசியனுக்கும் ஒரு நோட்டீஸ் போயிற்று. வெப்பக் காப்புப் பொருள் கிடங்கில் எட்டுப் பேர் அனுமதியில்லாமல் குடியிருப்பதாக அதில் கண்டிருந்தது. எட்டுப் பசுக்களையும் எண்ணிவிட்டுப் போயிருந்தார் வின்ஸ்லோ.

"வைக்கோல்போர் நாய் கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் லூசியன். "தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. அதுக்கு ஆபீஸும் சீலும் குடுத்து இப்பதான் பார்க்கறேன்."

பள்ளத்தாக்கில் பாவாடை கட்டாத வீடே கிடையாது. ஆகவே அந்த வருடம் விண்ணப்பித்த இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்கும் இதே தீர்ப்பு. மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைக்கோலைத் தொடாமல் இருந்துவிட்டார்கள். ஜெர்மேனுக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு ஹீட் பம்ப் வேண்டும், அர்மான் வேண்டும். வைக்கோலை எடுத்துப் போட்டாள். சூட்டை ஐம்பத்தைந்தில் வைத்தாள். அர்மானுக்கு மூன்று கம்பளி போர்த்தி, நாலு வேளை கோழி சூப் கொடுத்து, கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நாளை எண்ணினாள்.

பதினாறாம் நாள் காலையில் அர்மானின் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். நிமோனியா. ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவளுக்குத் தபால்பெட்டியில் ஒரு கடிதம் காத்திருந்தது.

'தங்கள் இல்லத்தின் முன்கதவு பதினேழாம் தேதி காலை நான்கு நிமிடம் திறந்திருந்ததாகக் கருவி காட்டுகிறது. இது இயல்பு நிலைக்கு மாறானது. ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்.'

அந்த நான்கு நிமிடத்தில்தான் அவள் புருஷனை ஸ்ட்ரெச்சரில் வெளியே எடுத்தார்கள். ஜெர்மேன் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடத்தில் முந்நூறு பிள்ளைகள் சேர்ந்து வரவழைக்க முடியாத கோபம் அவளுக்கு அன்றைக்கு வந்தது. அழுகை வரவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு வண்டியை விட்டாள்.

அலுவலக வாசலில் அறுவடைப் பண்டிகை அலங்காரம் செய்திருந்தார்கள். படிக்கட்டில் பூசணிக்காய்கள், டை கட்டிய ஒரு சோளக்கொல்லை பொம்மை, பொம்மைக்கு இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி வைக்கோல் கட்டுகள். ஜெர்மேன் நின்றாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்திரண்டு. கைபேசியை எடுத்து, கட்டு சுவரைத் தொடுகிற இடம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்தாள். பிறகு உள்ளே போனாள்.

பெல் அறையில் சூடு தாராளமாக இருந்தது. மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டு, மேஜை விசிறியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் ஜெர்மேன். "நாங்க குழாய் உறையாம இருக்கத்தான் வைக்கோல் வெச்சோம். அதையும் காப்பு வேலைன்னு எடுத்துக்குவீங்களா?"

பெல்லுக்கு முகம் மலர்ந்தது. விளக்கம் கேட்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும். "நல்ல கேள்வி, மிஸஸ் மிஷோ. சுற்றறிக்கை பதினாலு. எந்தக் கட்டடமா இருந்தாலும், எந்த நோக்கத்துக்காக வெச்சாலும், வைக்கோல் சுவரைத் தொட்டா அது காப்பு. நோக்கம்ங்கிறது மனசுக்குள்ள இருக்கு. மனசை அளக்க எங்ககிட்ட கருவி இல்லை."

"யாரா இருந்தாலும் இதேதானா?"

"கவர்னரா இருந்தாலும். ஏன், நானா இருந்தாலும்! ஒரு விதிவிலக்கு குடுத்தா விதியே செத்துப்போயிடும். மனுஷங்க செத்தா வேற மனுஷங்க வருவாங்க. விதி செத்தா?"

"இதை எழுத்துல தர முடியுமா சார்? என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்கார். படிச்சுக் காட்டினா மனசு ஆறும்."

"சந்தோஷமா" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தார் பெல். தேதியை மறக்காமல் முதலிலேயே எழுதினார்.

வெளிக்கூடத்தில் ஜெர்மேன் புகார்ப் படிவம் கேட்டாள். அது மட்டும் ஒரே பக்கம்தான் இருந்தது. அதுவரை ஒருவரும் கேட்காததால் அதை நீட்ட யாருக்கும் தோன்றவில்லை. பெல்லின் கடிதத்தையும் படங்களையும் இணைத்து அங்கேயே கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நாலாம் நாள் வின்ஸ்லோ, தான் தினமும் ஏறுகிற படிக்கட்டில் டேப்போடு வந்து நின்றார்.

"யார் கான்ட்ராக்டர்?"

"வின்ஸ்லோ! விளையாடறீங்களா? இது அலங்காரம்!" என்றார் பெல்.

"நோக்கம் மனசுக்குள்ள இருக்கு சார். கருவி இல்லை." வின்ஸ்லோ சோளக்கொல்லை பொம்மையைப் பேனாவால் சுட்டினார். "இவர் பதிவு பெற்ற பணியாளரா?"

வைக்கோல் அகற்றப்பட்டது. அலுவலகத்தின் சூடு ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. பெல்லின் தலைக்கு மேலேயே கறுப்புப் பெட்டி ஏறியது. அறுபது நாள். தன் வினை தன்னைச் சுடும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். செயின்ட் ஒலிவில் அது குளிர வைத்தது.

அத்தோடு விட்டிருந்தால் அது நியாயம். ஜெர்மேனுக்கு நியாயம் போதவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்கும் போன் போட்டாள். மறுநாளிலிருந்து ஊர் முழுக்க ஏதோ ஒரு சந்தேகம் கேட்க அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தது. அந்தப் பக்கத்தில் பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது மரியாதை. பின்னால் வருகிறவர் தூரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாலும் நிற்பார்கள்.

"நீங்க முதல்ல போங்க."

"அட, நீங்க வயசானவரு, நீங்க போங்க."

"யாரைப் பார்த்து வயசானவன்ங்கிறே? நீ போ முதல்ல."

கதவு காலை எட்டு மணிக்குத் திறந்தால் மாலை வரை சாத்தவில்லை. ஆற்றுக் காற்று நேரே உள்ளே வந்து பெல்லின் மேஜையில் உட்கார்ந்தது. கதவு நான்கு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்த ஒவ்வொரு முறையும் பெட்டி விளக்கம் கேட்டது. விளக்கம் எழுதப் பேனாவை எடுத்தால் மை இறங்கவில்லை. விளக்கம் வராத நாளிலெல்லாம் அறுபது மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. லூசியன் மட்டும் தன் பசுக்களைக் குடியிருப்போர் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தினமும் ஒரு பசுவுக்கு ஒரு விண்ணப்பமாகக் கொண்டுவந்தான்.

எட்டாம் நாள் பெல் உடைந்தார். கையுறையோடு சுற்றறிக்கை பதினைந்தைத் தட்டச்சு செய்தார். 'வீடுகளைச் சுற்றி வைக்கப்படும் வைக்கோல் அலங்காரமாகவே கருதப்படும். காப்பு வேலையாகக் கருதப்படமாட்டாது.' கையெழுத்துப் போட்டு எழுந்து, முதல் வேலையாகச் சூட்டைக் கூட்டப் போனார்.

"சார்" என்றார் வின்ஸ்லோ, பனிக்குல்லாய்க்குள்ளிருந்து. "வீடுகள்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம், அதுக்கென்ன?"

"இது வீடு இல்லையே."

பெல் எழுதும் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் 'வீடுகள்' என்றுதான் தொடங்கும், கை பழகிப்போயிருந்தது. அறிக்கை அதற்குள் தலைநகரத்துக்கும் போய்விட்டது. திருத்த வேண்டுமானால் முன்னனுமதி வேண்டும். பெல் அன்று மாலையே ஒரு மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்து அறையில் போட்டு, இதுதான் என் வீடு என்று அறிவித்தார். வின்ஸ்லோ பன்னிரண்டு மாதம் குடியிருந்ததற்குச் சான்று கேட்டார்.

சுற்றறிக்கை பதினைந்தால் இருநூற்றுப் பதினான்கு விண்ணப்பமும் உயிர்பெற்றன. முதல் அனுமதி ஜெர்மேனுக்கு. ரெஜான் வண்டியை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தி, ஒரு காலைத் தூக்கி, சர்ச்சுக்குள் நுழைகிறவனைப் போல மெதுவாக வாசப்படியில் வைத்தான். இரண்டே நாளில் ஹீட் பம்ப் ஓடியது. நிலவறையிலிருந்த பழைய உலையை அவனே தூக்கிக்கொண்டு போனான். டிசம்பர் பதிமூன்றாம் தேதி அர்மான் மெலிந்து, ஒரு சின்ன ஆக்ஸிஜன் குடுவையோடு வீடு திரும்பினான். கூடத்தில் வெறும் சட்டையோடு உட்கார்ந்தான். அதைப் பார்த்த பிறகுதான் ஜெர்மேன் அழுதாள்.

ஜனவரி கடைசியில் ஒரு பிற்பகல். ஜெர்மேன் அடுப்பில் அந்த ஊர்த் தோசையான பிளாய் வார்த்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோட்டுப் போட்டுக்கொண்டு தர்ஸ்டன் பெல் நின்றிருந்தார். மூக்கு சிவந்து உரிந்திருந்தது.

"மிஸஸ் மிஷோ, எங்க ஆளுங்க ஒன்பது பேரும் சளிக்காய்ச்சல்னு லீவு போட்டுட்டாங்க. நானும் வின்ஸ்லோவும்தான் இருக்கோம். அவருக்குக் குளிரவே மாட்டேங்குது." கோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். "புகாரை வாபஸ் வாங்கறதா ஒரு கையெழுத்து. ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கே சூட்டைக் கூட்டிடலாம்."

ஜெர்மேன் தாளை வாங்கினாள். அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை, கீழிருந்து மேல்வரை ஒருமுறை படித்தாள். வெண்ணெய் வாசனை அவரைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று.

"எத்தனை நாளா குளிர்ல இருக்கீங்க?"

"அறுபத்தாறு நாள். பெட்டிக் கணக்குல இன்னிக்கும் ஒண்ணாம் நாள்தான். ராத்திரி தூங்க முடியலை. நெஞ்சுல ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கு."

"என் வீட்டுக்காரர் பதினாறாவது நாள் விழுந்தார்" என்றாள் ஜெர்மேன். "உங்களுக்கு நல்ல நுரையீரல், மிஸ்டர் பெல். வெச்சிட்டுப் போங்க, பரிசீலிக்கறேன்."

"எவ்வளவு நாளாகும்?"

அவள் கதவைச் சாத்தினாள். சன்னல் வழியாக, அவர் காரைக் கிளப்பமுடியாமல் நாலு தரம் முயன்றதைப் பார்த்தாள். பிறகு தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, பிளாய்த் தட்டை அர்மான் முன்னால் வைத்தாள்.

"பாவம்டி. ஒரு கையெழுத்துதானே, போட்டுடேன்" என்றான் அர்மான்.

"போடாம என்ன?" என்றாள் ஜெர்மேன், வெண்ணெயைத் தடவிக்கொண்டே. "ஏப்ரல்ல போடறேன்."